ஜீன்ஸ் பையில் கிடந்த கேசட்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில், 53வது தெருவில், பவர் ஸ்டேஷன் என்று ஒரு ஒலிப்பதிவுக்கூடம். ஒரு காலத்தில் கான் எடிசன் மின் நிறுவனத்தின் கட்டடமாக இருந்ததால் வந்த பெயர் அது. 1982 ஏப்ரலில் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் ஈ ஸ்ட்ரீட் பேண்டு குழுவோடு அங்கே வந்து இறங்கினார். ஜீன்ஸ் பையில் ஒரு கேசட் இருந்தது. உறைகூட இல்லாமல் வாரக்கணக்காக அவர் கூடவே அலைந்த கேசட். அதில் வீட்டில் தனியாகப் பாடி வைத்த பாடல்கள். அவற்றைக் குழுவுக்குப் போட்டுக் காட்டி, முறையாக வாசித்து, முறையாகப் பதிவு செய்துவிட வேண்டும் என்பது திட்டம்.

வாசித்தார்கள், பதிவும் செய்தார்கள். ஆனால் கேசட்டில் இருந்தது அந்தக் கூடத்தில் வரவில்லை. கடைசியில் கேசட்டையே இசைத்தட்டாகப் போட்டார்கள். 1982 செப்டம்பரில் வெளியான 'நெப்ராஸ்கா' அதுதான்.

இந்த ஆல்பத்தைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு கதை தவறாமல் வரும். பெரிய நட்சத்திரம், சின்ன வீடு, படுக்கையறை, மலிவான கருவி, ஒரே இரவு, முடிவில் ஒரு மகத்தான படைப்பு. பொய் இல்லை, ஆனால் பாதிக் கதை. வீட்டில் பதிவு செய்தாலே உண்மை வந்துவிடும், ஸ்டுடியோ என்றாலே போலி என்று நினைக்கும் இளைஞர்கள் இந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள். பதிவுக்குச் சில நாட்கள் ஆகியிருக்கலாம். அந்தப் பதிவைக் கெடுக்காமல் கடைக்குக் கொண்டுவர எட்டு மாதம் ஆயிற்று. அதற்கு அமெரிக்காவின் தேர்ந்த ஒலிப்பொறியாளர்கள் தேவைப்பட்டார்கள். அதற்கும் முன்னால், தன் பாட்டைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒன்று தேவைப்பட்டது. எல்லாப் பாடகர்களுக்கும் அது கிடைத்துவிடுவதில்லை.

அந்த உரிமை வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1975இல் 'பார்ன் டு ரன்' ஆல்பம் அவரை ஒரே வாரத்தில் 'டைம்', 'நியூஸ்வீக்' இரண்டின் அட்டையிலும் ஏற்றியது. அதன் தலைப்புப் பாடல் ஒன்றுக்கு மட்டும் ஆறு மாதம் உழைத்தார்கள். மறு ஆண்டே மேலாளர் மைக் ஆப்பலோடு வழக்கு. விமர்சகராக இருந்து தயாரிப்பாளராக வந்த ஜான் லாண்டாவோடு சேர்ந்து ஸ்டுடியோவுக்குள் நுழைய முடியாதபடி நீதிமன்றத் தடை. 1977 மே மாதம் சமரசமாக முடிந்தபோது, பிரபலத்தின் உச்சியில் இருக்க வேண்டிய இரண்டு வருடம் போய்விட்டிருந்தது. அந்த இழப்புக்குக் கிடைத்த ஈடு, இனித் தன் பாடல்களும் தன் பதிவும் தன் கையில் என்பது. ஐந்து வருடம் கழித்து, ஒரு கேசட்டைக் கொண்டுபோய் இதுதான் அடுத்த ஆல்பம் என்று நீட்டும்போது மறுபேச்சு எழாததற்கு வேர் இங்கே இருக்கிறது.

வழக்குக்குப் பிறகு ஸ்டுடியோவே கதி என்றாகிவிட்டார். பாட்டை எழுதுவதும் அங்கே, திருத்துவதும் அங்கே, வேண்டாம் என்று தூக்கிப் போடுவதும் அங்கே. 1979 வசந்தத்தில் தொடங்கிய 'தி ரிவர்' 1980 அக்டோபரில்தான் இரட்டைத் தட்டாக வந்தது. விற்பனையில் முதலிடம் பிடித்தது. அதிலிருந்த 'ஹங்க்ரி ஹார்ட்' தனிப்பாடல் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது. ஆனால் மணிக்கணக்கில் வாடகை ஓடும் கூடத்தில் உட்கார்ந்து அடுத்த வரியை யோசிப்பது யாருக்கும் கட்டுப்படியாகிற காரியமல்ல. வீட்டிலேயே எழுதி, தேறுமா தேறாதா என்று பார்த்துவிட்டு ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்று முடிவு செய்தார். தன் கிதார்களைப் பராமரித்துவந்த மைக் பேட்லனிடம் ஒரு சின்னப் பதிவுக் கருவி வாங்கி வரச் சொன்னார். ஆக, தொடக்கம் ஒரு சிக்கன நடவடிக்கை.

வந்தது டியாக் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டுடியோ 144. 1979இல் சந்தைக்கு வந்த கருவி, விலை ஏறத்தாழ ஆயிரம் டாலர். நாம் பாட்டுக் கேட்ட அதே சாதாரண கேசட்தான் இதற்கும். வேலை செய்யும் விதம் வேறு. வழக்கமான கேசட்டில் 'ஏ' பக்கத்துக்கு இரண்டு தடம், திருப்பிப் போட்டால் 'பி' பக்கத்துக்கு இரண்டு தடம். போர்ட்டாஸ்டுடியோ இந்த நான்கையும் ஒரே திசையில் எடுத்துக்கொள்ளும். திருப்பிப் போடும் பேச்சே இல்லை. ஒலி கொஞ்சம் தெளிவாக இருக்கட்டும் என்று நாடாவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டும். கணக்குப் போட்டால், அறுபது நிமிடக் கேசட்டில் பதினைந்து நிமிடம்தான் பதிவு செய்யலாம். ஒரு தடத்தில் பாடி, அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த தடத்தில் மவுத் ஆர்கனோ இரண்டாம் குரலோ சேர்க்கலாம். அதுவரை இதற்குப் பெரிய பெரிய டேப் சுருள்களும் அவற்றை ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டியிருந்தது.

நியூஜெர்சியின் கோல்ட்ஸ் நெக்கில், ஒரு நீர்த்தேக்கத்தின் பக்கத்தில் வாடகைக்கு எடுத்திருந்த வீடு. அதன் படுக்கையறையில் கருவியை வைத்தார்கள். ஷூர் எஸ்.எம். 57 மைக் இரண்டு. மேடைகளில் டிரம்ஸுக்கும் கிதார் பெட்டிக்கும் முன்னால் நிறுத்தும் சாதாரண மைக். பதிவான நான்கு தடங்களையும் கலந்து எடுக்கும்போது, எக்கோப்ளெக்ஸ் என்ற பழைய எதிரொலிக் கருவி வழியாக விட்டார்கள். அதற்குள்ளேயும் ஒரு டேப் சுற்றிக்கொண்டிருக்கும். குரல் பாடிய கணத்துக்குப் பின்னால் அதன் நிழல் ஒன்று விழும். எல்விஸ் காலத்து 1950களின் ரெக்கார்டுகளில் கேட்கும் எதிரொலி அது. அங்கே துள்ளலாக ஒலித்தது, இங்கே மெதுவான பாட்டில் காலி வீட்டின் சத்தமாகிவிட்டது. இந்த ஆல்பத்தில் பேய்க்குரல் போலக் கேட்பதன் ரகசியத்தில் பாதி இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

கலந்த ஒலியைக் கடைசியாகப் பிடிக்க இன்னொரு டேப் கருவி வேண்டுமே? வீட்டில் கிடந்த பானாசோனிக் ஒன்று உதவிக்கு வந்தது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினார்களே, நாம் டூ-இன்-ஒன் என்போமே, அந்த வகையறா. அது ஒருமுறை ஆற்றில் விழுந்து செத்துப்போய், நாள் கழித்துத் தானாக உயிர் பெற்றதாம். பிறகு பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆல்பத்தின் மூல ஒலி நாடா, இந்த நனைந்த டூ-இன்-ஒன்னில் உருவானது.

பதிவின் தேதியாக 1982 ஜனவரி 3 பெரும்பாலும் சொல்லப்படுகிறது. 'ஒரே இரவு' என்ற கதை அங்கிருந்து வருகிறது. உண்மையில் டிசம்பர் மாதத்திலேயே வேலை தொடங்கிவிட்டது. 'மை ஃபாதர்ஸ் ஹவுஸ்' பாடலோ சில மாதங்கள் கழித்துத்தான் பதிவானது. தேதியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, மைக்கை நிறுத்துவதற்கு முன் நடந்த எழுத்து வேலை.

டெரன்ஸ் மாலிக்கின் 'பேட்லேண்ட்ஸ்' (1973) படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து அது ஆரம்பிக்கிறது. படத்துக்கு அடிப்படை ஓர் உண்மைச் சம்பவம். நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரைச் சேர்ந்த சார்லஸ் ஸ்டார்க்வெதர் என்ற பத்தொன்பது வயது இளைஞன், 1957 டிசம்பருக்கும் 1958 ஜனவரிக்கும் இடையில் பதினோரு பேரைக் கொன்றான். கடைசி நாட்களில் பதினான்கு வயதுப் பெண் கேரில் ஃபுகேட் அவனோடு காரில் இருந்தாள். 1959இல் அவனை மின்நாற்காலியில் வைத்துக் கொன்றார்கள். படத்தோடு நிறுத்தாமல் ஸ்பிரிங்ஸ்டீன் அந்த வழக்கைப் படித்தார். கேரிலைப் பற்றி நூல் எழுதிய ஒமாஹா தொலைக்காட்சிச் செய்தியாளர் நினெட் பீவரைத் தேடிப்பிடித்துத் தொலைபேசியில் பேசினார். பாட்டுக்கு முதலில் வைத்த பெயர் 'ஸ்டார்க்வெதர்'. 'அவன்' என்று தொடங்கிய வரிகள் பின்னால் 'நான்' ஆயின. கொலைகாரனைப் பற்றிய பாட்டு, கொலைகாரனே பாடும் பாட்டாகிவிட்டது. வேறு எந்தத் திருத்தமும் இந்த ஆல்பத்தின் போக்கை இவ்வளவு மாற்றியிருக்காது.

பாடல்களை வரிசையாகக் கேட்டால் ஒரு சொல் திரும்பத் திரும்பக் காதில் விழும்: 'சார்'. நம் ஊரில் காவல் நிலையத்திலும் தாலுகா ஆபீஸிலும் 'ஐயா' போடுவதைப் போல. மரண தண்டனை பெற்றவனும் ஐயா என்கிறான், குன்றின் மேல் இருக்கும் பணக்கார மாளிகையை நினைவுகூரும் ஆளும் ஐயா என்கிறான். 'ஜானி 99' பாட்டில் வேலை போனவன் நீதிபதியின் முன் நிற்கிறான், 'ஸ்டேட் ட்ரூப்பர்' பாட்டில் இரவில் கார் ஓட்டுபவன் முகம் தெரியாத போலீஸ்காரரிடம் மன்றாடுகிறான். பெரும்பாலான பாட்டுகளில் மேலே இருக்கும் யாருக்கோ கீழே இருக்கும் யாரோ தன் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இப்படிப் பேசுகிறவன் குரலை உயர்த்த மாட்டான். கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு போக மாட்டான்.

கதைகள் ஊரிலிருந்தே வந்தன. 'ஜானி 99' மாஹ்வா நகரின் கார் தொழிற்சாலை மூடியதிலிருந்து தொடங்குகிறது. நியூஜெர்சியில் இருந்த அந்த ஃபோர்டு ஆலை 1980 ஜூனில் உண்மையாகவே மூடப்பட்டது. 'அட்லாண்டிக் சிட்டி' பாட்டின் தொடக்கத்தில் வரும் வெடிகுண்டுச் சாவும் பத்திரிகைச் செய்திதான். பிலடெல்பியா மாஃபியாத் தலைவர் ஃபில் டெஸ்டா 1981 மார்ச்சில் தன் வீட்டு வாசலில் குண்டு வெடித்துச் செத்தார். 'ஹைவே பேட்ரோல்மேன்' பாட்டில் ஓர் அண்ணன், ஒரு தம்பி. கோதுமை விலை விழுந்து நிலத்தை விட்டு போலீஸ் வேலைக்கு வந்தவன் அண்ணன். ராணுவத்திலிருந்து திரும்பி வம்பிலேயே வளைய வருபவன் தம்பி. ஒரு மதுக்கடையில் ஒரு பையன் ரத்த வெள்ளத்தில் கிடக்க, தம்பியின் காரை அண்ணன் விரட்டிக்கொண்டு போகிறான். கனடா எல்லைக்கு இவ்வளவு மைல் என்ற பலகையைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்திவிட்டு, பின்விளக்குகள் மறைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவ்வளவுதான் பாட்டு. ஐந்தரை நிமிடத்துக்குச் சற்று மேல். இதை விரித்துத்தான் ஷான் பென் 1991இல் 'தி இண்டியன் ரன்னர்' என்று முழுநீளப் படம் எடுத்தார்.

பாடல்களைக் கேசட்டில் எடுத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் கைப்பட எழுதிய குறிப்புகளோடு லாண்டாவுக்கு அனுப்பினார். அப்போது அது வெறும் மாதிரிப் பதிவு. வியட்நாமிலிருந்து திரும்பிய ஒருவனின் புலம்பல் ஒன்றும் அதில் இருந்தது. பெயர் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.'

பவர் ஸ்டேஷனில் இந்தப் பாட்டு குழுவின் கையில் கிடைத்ததும் மேக்ஸ் வைன்பெர்க்கின் டிரம்ஸ் இடி போல இறங்கியது, ராய் பிட்டனின் சிந்தசைசர் மேலே ஏறியது. அந்த வாரங்களில் பதிவானவைதான் 1984இல் வந்த அடுத்த ஆல்பத்தின் பெரும்பகுதி. அதே கூடம், அதே ஆட்கள், அதே மாதம். இதை மறந்துவிட்டு, ஸ்டுடியோ ஸ்பிரிங்ஸ்டீனைக் கைவிட்டது என்று எழுதுகிறார்கள். ஸ்டுடியோ சரியாகத்தான் வேலை செய்தது. கேசட்டில் இரண்டு ஆல்பங்கள் ஒன்றாகக் கிடந்ததை அதுதான் பிரித்துக் காட்டியது.

ஏன் 'ஜானி 99'உம் 'அட்லாண்டிக் சிட்டி'யும் குழுவோடு ஒட்டவில்லை? குழு வாசித்த அந்தப் பதிவுகள் ரசிகர்களிடையே ஒரு புராணமாகவே இருந்தன. 2025இல் ஸ்பிரிங்ஸ்டீனே அப்படி ஒன்று கிடையாது என்று ஒரு பேட்டியில் சொல்லி, பிறகு பெட்டகத்தைத் திறந்து பார்த்து, இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்டும்விட்டார். கேட்டுப் பார்த்தால் அவை மோசமில்லை. நன்றாகவே வாசித்திருக்கிறார்கள். தொல்லையே அதுதான். தாளம் சேர்ந்ததும் வேலையிழந்தவனுக்குப் பின்னால் ஒரு குழுவே துணைக்கு வந்து நிற்கிறது. தனியாக ஐயா என்று சொன்னவன், கூட்டத்தோடு வந்து நியாயம் கேட்கிறான். பாட்டின் பொருள் மாறிவிடுகிறது. தனியாக ஸ்டுடியோவில் உட்கார்ந்து பாடிப் பார்த்ததும் சரிவரவில்லை. துல்லியமான மைக்கில் குரல் சுத்தமாக வந்தது, அந்த வீடு போய்விட்டது. கடைசியில் கேசட்டைப் பையிலிருந்து எடுத்து இதுவேதான் என்றார். குழுவின் கிதார் கலைஞர் ஸ்டீவ் வான் ஸான்ட், தன் வாசிப்புக்கு இடமே இல்லாத அந்தப் பதிவை அப்படியே வெளியிடச் சொல்லி வற்புறுத்தியவர்களில் ஒருவர். அதைச் சொல்லவும் பெருந்தன்மை வேண்டும்.

முடிவெடுப்பது சுலபம், தட்டாக்குவதுதான் பாடு. அப்போதெல்லாம் ரெக்கார்டு தயாரிக்க, லாக்கர் பூசிய அலுமினியத் தட்டில் ஓர் ஊசியால் வரிப்பள்ளம் வெட்டுவார்கள். அந்த மூலத் தட்டிலிருந்து அச்சு எடுத்து வினைல் தட்டுகளை அழுத்துவார்கள். ஒலி எப்படி இருக்கிறதோ அப்படித்தான் பள்ளம் விழும். இரைச்சலும் ஒழுங்கற்ற அலைகளும் நிறைந்த இந்தக் கேசட்டை வெட்டிப் போட்டால், கேட்கும்போது ஊசி பள்ளத்தில் நிற்காமல் துள்ளியது. பொறியாளர் டோபி ஸ்காட்டும் கலவையைக் கவனித்த சக் பிளாட்கினும் ஒரு மாஸ்டரிங் கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு அலைந்தார்கள். பேர்பெற்ற நிபுணர்களும் கைவிரித்தார்கள். கேசட்டில் பிறந்தது கேசட்டாகவே போகட்டும், தட்டே வேண்டாம் என்றுகூட ஒரு கட்டத்தில் பேச்சு வந்தது. முடிவில் அட்லாண்டிக் கூடத்தின் டென்னிஸ் கிங், ஒலி அளவை நன்றாகத் தாழ்த்தி வெட்டி, ஊசியை நிற்க வைத்தார். படுக்கையறையில் சில நாட்களில் பிறந்த ஒலியை அதன் குறைகளோடு காப்பாற்றத் தேர்ந்தவர்களின் மாதக்கணக்கான உழைப்பு போயிற்று. அட்டையில் பெயர் பெரிதாக வராத இவர்களுக்கு 'வீட்டு ஆல்பம்' என்ற புகழில் பங்கு கிடைத்ததில்லை.

அவருடைய இசைத்தட்டு நிறுவனமான கொலம்பியா ஏற்றுக்கொண்டது. முந்தைய ஆல்பம் முதலிடம் பிடித்தவர், ஒப்பந்தம் தன் பக்கம் உள்ளவர். இதே கேசட்டை ஒரு புதுமுகம் கொண்டுபோயிருந்தால் வரவேற்பறையைத் தாண்டியிருக்காது.

வெளியீடும் விசித்திரம். சுற்றுப்பயணம் கிடையாது, பேட்டி கிடையாது, அமெரிக்காவில் தனிப்பாடல்கூடக் கிடையாது. முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்த எம்.டி.வி.க்கு 'அட்லாண்டிக் சிட்டி'யின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று போனது. அதில் பாடகர் தலைகாட்டவே இல்லை. அட்டையிலும் அவர் முகம் இல்லை. டேவிட் மைக்கேல் கென்னடி 1970களின் நடுவில் ஒரு பழைய டிரக்கின் கண்ணாடி வழியாக எடுத்த பனிக்காலச் சாலை, மேலும் கீழும் கறுப்பு, சிவப்பில் எழுத்து. ஆல்பம் பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. அந்தச் செப்டம்பரில் அமெரிக்காவின் வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. ஜானி கேஷ் அடுத்த ஆண்டே இதிலிருந்து இரண்டு பாட்டுகளை எடுத்துப் பாடி, தன் ஆல்பத்துக்கு 'ஜானி 99' என்றே பெயர் வைத்தார். ஸ்பிரிங்ஸ்டீனோ ஆல்பம் முடிந்த கையோடு காரில் நாட்டைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டு, வழியில் டெக்சாஸின் ஒரு சிற்றூரில் மனம் உடைந்து போனார். மனநல சிகிச்சை தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2016இல் எழுதிய தன்வரலாற்றில் இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

கேசட்டிலிருந்து பிரிந்து போன 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' என்ன ஆயிற்று? 1984இல் கொடி, முரசு, உயர்த்திய முஷ்டி என்று அரங்கங்களை நிறைத்தது. அந்தத் தேர்தல் காலத்தில் ரொனால்டு ரீகன் நியூஜெர்சி கூட்டமொன்றில் ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்கள் தரும் நம்பிக்கையைப் புகழ்ந்தார். இரண்டு நாள் கழித்துப் பிட்ஸ்பர்க் மேடையில் ஸ்பிரிங்ஸ்டீன், ஜனாதிபதிக்குப் பிடித்த ஆல்பம் எதுவாக இருக்கும் என்று யோசித்ததாகவும், 'நெப்ராஸ்கா'வாக இருக்காது என்றும் சொல்லிவிட்டு 'ஜானி 99' பாடினார்.

'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' பாட்டின் கேசட் வடிவம் 1998இல் வந்த 'ட்ராக்ஸ்' தொகுப்பில் இருக்கிறது. டிரம்ஸ் இல்லை, ஒரு கிதார், எக்கோப்ளெக்ஸின் நிழலோடு ஒரு குரல். முதலில் அதைக் கேளுங்கள். 1984 வடிவத்தைப் பிறகு போடுங்கள்.